குருநாதன் தட்டிப் பார்த்த தூண்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், ஊர் முடிந்துவிட்டது என்று ஓட்டுநர் முடிவு செய்து வேகமெடுக்கும் இடத்தில், தகரக் கூரை போட்டு முன்பக்கம் பச்சை வலை கட்டிய கல்பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் உரிமையாளரும் தலைமைச் சிற்பியுமான குருநாதனுக்கு வயது ஐம்பத்து நான்கு. புருவத்திலும் மீசையிலும் கல்தூசி நிரந்தரமாகக் குடியேறிவிட்டதால், பார்க்கிறவர்கள் எழுபது என்பார்கள். பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள். அவர் மறுத்துப் பேசி யாருடைய புண்ணியத்தையும் கெடுப்பதில்லை.

கல்வேலை அழிந்துகொண்டிருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை யாராவது கேமராவோடு வந்து பதிவு செய்துகொண்டு போவார்கள். போகும்போது ஆளுக்கொரு அம்மி வாங்கிப் போவார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு குழுவின் வண்டி, அம்மிகளின் பாரம் தாங்காமல் பஞ்சராகி நின்றது. உண்மை என்னவென்றால், குருநாதனுக்கு மூச்சுவிட நேரமில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஓர் ஓய்வு விடுதிக்கு இருபது ஆட்டுரல் கேட்டிருந்தார்கள். அவற்றில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுவார்களாம். மாவாட்டுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஆட்டுரல் தேவைப்படும் காலம் இது.

பட்டறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து கொத்துகிறவர் பூல்பாண்டி. இருபத்தெட்டு வருடப் பழக்கம். காலையில் வந்ததும் உலையை மூட்டி, முந்தின நாள் மழுங்கிய உளிகளைக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தண்ணீரில் தோய்ப்பார்கள். தோய்க்கும்போது ஒரு நொடி பிந்தினால் உளி மெத்தென்றாகிவிடும், ஒரு நொடி முந்தினால் முனை உடையும். அந்த ஒரு நொடி யாருடையது என்பதில் தினமும் ஒரு சண்டை. பதினொரு மணிக்குள் உளிகள் மறுபடி மழுங்கும். சண்டையும் மறுபடி கூராகும்.

கல் அறுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்து கிடந்து இருவருக்குமே மனிதர்கள் பேசுவது பாதிதான் காதில் விழும். ஆனால் கல் பேசினால் குருநாதனுக்கு ஓர் எழுத்து தப்பாது. லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கல்லையும் சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. கணீரென்று கோவில் மணி போலச் சொன்னால் ஆண் கல், சாமிக்கு ஆகும். தாளம் போல இழைந்து சொன்னால் பெண் கல், அம்மனுக்கு ஆகும். உள்ளே விரிசல் ஓடியிருந்தால் சளி பிடித்த தொண்டை போல ஒரு சத்தம் வரும். அந்தக் கல் வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் கண்டுபிடிப்பவர் என்று மூன்று தாலுகாவில் அவருக்குப் பெயர்.

இந்தத் திறமையைப் பட்டறையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இப்படி ஒரு வரலாறு எழுத வேண்டியிருக்காது. அவர் நிறுத்தவில்லை. கை சும்மா இருந்தால் எதையாவது தட்டும். தேங்காய், தண்ணீர் டிரம், கேஸ் சிலிண்டர், சொந்தக்காரர் வாங்கிய புதுக் கட்டில், அரசு அலுவலக மேஜை. மேஜையைத் தட்டிவிட்டு, "உள்ள ஒண்ணுமில்ல" என்று அவர் சத்தமாகச் சொன்னபோது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டதில், ஒரு சான்றிதழ் எட்டு மாதம் தாமதமாயிற்று. மருத்துவர் ஒருமுறை அவர் நெஞ்சில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். குருநாதன் தொழில்முறை மரியாதையோடு கேட்டார்: "என்ன கல்லு, டாக்டர்?"

சாலைக்கு எதிர்ப்பக்கம் பழக்கடை வைத்திருக்கும் மகபூப் பீவி, ஒரு சித்திரை மாதம் முழுவதும் தர்பூசணி தட்டிப் பார்க்க அவரை அனுமதித்தார். பத்தில் ஏழு பழம் சரியில்லை என்று வாங்க வந்தவர்களிடமே அவர் தீர்ப்புச் சொல்லவே, அந்த அம்மாள் கும்பிட்டுவிட்டார். "அண்ணாச்சி, உங்க காது நல்ல காதுதான். ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். நான் பிள்ளகுட்டிக்காரி."

இந்த நிலையில்தான் மகள் மாலாவுக்கு வரன் அமைந்தது.

மாலா ஊருக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். மேலநீலிதநல்லூரில் வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் மாரிக்கண்ணன், சென்ற ஐப்பசியில் டெங்கு காய்ச்சலோடு வந்து நாலு நாள் ரத்தம் கொடுத்தான். காய்ச்சல் போனபிறகும் வந்தான். சர்க்கரை பார்த்தான், கொழுப்பு பார்த்தான், தைராய்டு பார்த்தான். பார்ப்பதற்கு இனி உடம்பில் எதுவும் பாக்கியில்லை என்ற கட்டத்தில், வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து பேசினான். பிறகு ஒரு தரகர் வந்தார், ஜாதகம் வந்தது, பத்துக்கு எட்டுப் பொருத்தம் வந்தது. இது பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் என்பதில் இரு வீட்டாரும் உறுதியாக இருந்தார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாது என்பது ஏற்பாடு.

மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்புகிற அன்று மாலா அப்பாவின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அங்கன போயி எதையும் தட்டக் கூடாது."

"நான் எதுக்கு ஏட்டி தட்டப் போறேன்?"

"இப்பவே கதவத் தட்டிக்கிட்டுத்தான் நிக்கீங்க."

குருநாதன் கையை எடுத்துக்கொண்டார். அவர் மனைவி பேச்சி நடைமுறை தெரிந்தவள். "வாயால சொன்னா இந்த மனுசனுக்கு ஏறாது. கைக்கு வேல கொடுக்கணும்" என்று சொல்லி, ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு அடுக்கிய பெரிய தாம்பாளத்தை அவருடைய இரண்டு கைகளிலும் ஏற்றினாள். சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் வரைக்கும் குருநாதன் அந்தத் தாம்பாளத்தை இறக்கவில்லை. ஏற்பாட்டில் ஒரே ஒரு குறைதான். போன இடத்தில் அதை வாங்கிக்கொள்வார்கள் என்பதைப் பேச்சி யோசிக்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் செல்லச்சாமி, அரசுப் பேருந்தில் முப்பத்தொரு வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க! உள்ள போங்க, உள்ள போங்க! முன்னால எடம் நெறையக் கெடக்கு!"

அவர் கட்டிய வீட்டுக்கு ஊரில் 'ஒத்தக்கல்லு வீடு' என்று பெயர். வாசற்படிக்கு இரு பக்கமும் ஆளுக்கு மேல் உயரமாக இரண்டு தூண்கள். கன்னங்கரேலென்று, எண்ணெய் பூசினாற்போல மினுமினுத்து, தங்கப் பொட்டுகள் தெளித்தாற்போல நின்றன. மேலே கூரை கிடையாது, வளைவு கிடையாது. அந்தத் தூண்கள் தாங்கிக்கொண்டிருந்தது செல்லச்சாமியின் பெருமை ஒன்றைத்தான்.

"ஒரே கல்லு, சம்மந்தி! ஒட்டு கெடையாது. ராஜபாளையத்துல இருந்து கிரேன் வந்துல்லா தூக்கி வச்சான்! நான் அன்னைக்கு டூட்டி. சாயங்காலம் வந்து பாக்கேன், கோவில் மாதிரி நிக்கி!"

தாம்பாளத்தை மாப்பிள்ளையின் தாயார் இசக்கித்தாய் வாங்கிக்கொண்டாள். குருநாதனின் கைகள் விடுதலை பெற்றன. செல்லச்சாமி கிரேனின் நீளத்தைக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். குருநாதனின் வலது கை, உடம்பின் மற்ற பாகங்களைக் கலந்துகொள்ளாமல், நடுவிரல் முட்டியால் தூணில் ஒரு தட்டுத் தட்டியது.

டொப்.

காலியான எண்ணெய் டின் தன் வாழ்க்கையை நினைத்துப் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். கல் இல்லை. கல்லுக்குத் தூரத்து உறவுகூட இல்லை. குழாயைச் சுற்றி வலை கட்டி, சிமெண்ட் பூசி, மேலே கல் பெயிண்ட் அடித்த சமாச்சாரம். கட்டிக் கொடுத்த காண்ட்ராக்டர் கிரேனைக் கொண்டுவரவில்லை. கிரேன் வந்த கதையைத்தான் கொண்டுவந்திருந்தார்.

சத்தம் குருநாதனுக்குக் கேட்டது. பேச்சிக்குக் கேட்டது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இசக்கித்தாய்க்கும் கேட்டது. செல்லச்சாமிக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் கிரேன் டிரைவரின் மீசையை வருணித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி," என்றாள் இசக்கித்தாய், "கொல்லையில துவைக்கிற கல்லு ஆடுது. ஒரு நிமிசம் வந்து பாத்துச் சொல்லுங்க."

கொல்லையில் துவைக்கிற கல் சம்மணம் போட்டது போல அசையாமல் இருந்தது. இசக்கித்தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"தங்கச்சி, அது கல்லே இல்ல."

"ஆறு வருசமாத் தெரியும். ஒட்டடக் கம்பு பட்டு ஒரு சத்தம் வந்தது பாருங்க, அன்னைக்கே தெரிஞ்சிட்டு. அவருக்குத் தெரியாது. முப்பது வருசம் கூட்டத்துல நெருங்கி, ஒத்தக் கால்ல நின்னு டிக்கெட் கிழிச்ச மனுசன். நெஞ்ச நிமித்தி நின்னதே அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான். நீங்க சொன்னா படுத்துருவாரு. அவரு படுத்தா கல்யாணமும் படுத்துரும், பாத்துக்கிடுங்க."

"கல்லு விசயத்துல நான் பொய் சொன்னதே கெடையாது தங்கச்சி."

"அதான் கல்லு இல்லன்னு சொல்லுதீங்கல்லா? பொறவு என்ன?"

முப்பது வருட அனுபவமுள்ள சிற்பி, துவைக்கிற கல்லை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தார். அவர் முன்வாசலுக்குத் திரும்பிய நேரம் செல்லச்சாமி இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தார்.

"நீங்க கல்லுக்காரரு. ஊரு ஆயிரம் சொல்லலாம். நீங்க சொல்லுங்க சம்மந்தி, எப்படி இருக்கு?"

குருநாதன் தூணைப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசியும் கையுமாக இருக்கும் மகளை நினைத்தார். "இந்த மாதிரித் தூண என் ஆயுசுல பாத்ததில்ல அண்ணாச்சி" என்றார்.

செல்லச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. உணர்ச்சி மிகுந்த மனிதர்கள் ஆபத்தானவர்கள் என்பதை அடுத்த நிமிடமே அவர் நிரூபித்தார்.

"சம்மந்தி, நகை எவ்வளவு போடுவீங்கன்னு கேக்க மாட்டேன். வண்டி கேக்க மாட்டேன். பாத்திரம் பண்டம் ஒண்ணும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. உங்க கையால இந்தத் தூணுல வேலப்பாடு செஞ்சு கொடுக்கணும். மேல தாமரை. நடுவுல யாளி. கீழ, நான் வேல பாத்த பஸ்ஸு. கல்யாணத்துக்கு வாரவங்க பாத்து அசந்து போகணும். இது நடந்தாத்தான் எனக்குக் கல்யாணம்."

உளி ஒருமுறை பட்டால் ஓட்டை விழும் தூணில் யாளி. பேச்சி மறுபடியும் கண்ணை மூடினாள்.

வீட்டுக்கு வந்ததும் மாலா கேட்டாள்: "தட்டினீங்களா?"

"லேசா."

"என்ன சத்தம்?"

"அத மட்டும் கேக்காத மக்கா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பேச்சி நடந்ததை எல்லாம் சொன்னாள். மாலா அப்பாவின் கைகளைப் பார்த்தாள். பிறகு, "அப்பா, அந்தத் தூணக் கொத்த முடியாது. ஆனா தூணு கொத்த உங்களுக்குத் தெரியும்லா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மற்றதைக் குருநாதனே முடிவு செய்ததாக அவர் இன்றுவரை நம்புகிறார்.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. கோயம்புத்தூருக்குப் போகவேண்டிய ஆட்டுரல்கள் ஓரமாக ஒதுங்கின. இரண்டு நல்ல கருங்கல் பாளங்கள் வந்து இறங்கின. தட்டியபோது பக்கத்து மரத்துக் காக்கைகள் பறந்தன. அப்படிக் கணீரென்ற கல். குருநாதனும் பூல்பாண்டியும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். தாமரை நாலு நாளில் மலர்ந்தது. யாளிக்குப் பல்லும் பிடரியும் வந்தன. வாய்க்குள் கல் உருண்டை வந்தது. விரல் விட்டால் உருளும், வெளியே எடுக்க வராது. சிக்கல் பேருந்தில்தான் வந்தது. யாளிக்கு இத்தனை விரற்கடை, தாமரைக்கு இத்தனை விரற்கடை என்று வழிவழியாக அளவு இருக்கிறது. பேருந்துக்கு முன்னோர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

"வே, டயரு எத்தன?" என்றார் பூல்பாண்டி.

"ஆறு. பின்னால ரெட்ட டயருல்லா?"

"ஒரு பக்கம் பாத்தா ரெண்டுதான தெரியும்?"

"தெரியாட்டா இல்லன்னு ஆயிருமா? உள்பக்கம் லேசா கோடு காட்டும்வே."

பின்படிக்கட்டில் தொங்கியபடி, வாயில் விசிலோடு ஒரு நடத்துநரையும் குருநாதன் செதுக்கினார். நகம் அளவு முகம். பார்த்தால் செல்லச்சாமி. தான் செய்ததிலேயே சிறந்த வேலை இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. சாமி சிலைகளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், பத்திரிகை கொடுக்கச் செல்லச்சாமி தூத்துக்குடிப் பக்கம் இரண்டு நாள் பயணம் போனார். போகவைத்தது இசக்கித்தாய்; தூண்களைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொத்தி, அவர் திரும்புவதற்குள் நிறுத்திவிடுவார்கள் என்று அவரிடமும் ஊரிடமும் சொல்லியிருந்தாள். காலை ஒன்பது மணிக்கு, இந்த முறை உண்மையாகவே, ஒரு கிரேன் தெருவுக்குள் வந்தது. முக்கால் டன் தூணை இறக்கி நிறுத்துவதற்குள் கயிறு இரண்டுமுறை முறுக்கிக்கொண்டது, டிரைவருக்கு வேர்த்து ஊற்றியது. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது.

இதற்கு முன்பே பழைய தூண்களைக் கழற்றியாகிவிட்டது. அதில் ஒரு தவறு நேர்ந்தது. கிரேன் வரட்டும் என்று காத்திராமல், பூல்பாண்டி பழைய தூண் ஒன்றை வாழைத்தண்டு போலத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்துவிட்டார். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஆறு வருடமாக அது ஒற்றைக் கல் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஊர், தூணைச் சந்தேகிக்கவில்லை, பூல்பாண்டியைத்தான் வியந்தது. "என்ன சாப்பிடுதீங்க அண்ணாச்சி?" என்று ஒருவர் பக்திப் பரவசத்தோடு கேட்டார். அவர் இரண்டாவது தூணையும் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்கினாள்.

மறுநாள் மாலை செல்லச்சாமி வந்தார். குருநாதனும் பேச்சியும் வாசலில் நின்றார்கள். இசக்கித்தாய் கதவோரம். செல்லச்சாமி தூண்களைச் சுற்றி ஒருமுறை வந்தார். குனிந்து பேருந்தைப் பார்த்தார். படிக்கட்டில் தொங்கும் தன்னையே பார்த்தார். மெல்ல நிமிர்ந்தார். முகம் வாடியிருந்தது.

"சம்மந்தி... வேல நல்லாத்தான் இருக்கு. தப்புச் சொல்லல."

"பொறவு?"

"கல்லு போச்சே!"

"என்னது?"

"எம் கல்லு எப்படி இருந்தது! கருகருன்னு கண்ணாடி மாதிரி! கோல்டு கலருல பொட்டுப் பொட்டா மின்னும்லா! கொத்திக் கொத்தி அத்தனையையும் எடுத்துட்டீரே வே! இப்பப் பாரும், அம்மி மாதிரில்லா சாம்பல் பூத்துப் போயிக் கெடக்கு!"

குருநாதன் வாயைத் திறந்தார். முப்பது வருடமாகத் திருப்பி அனுப்பிய விரிசல் கற்கள் அத்தனையும் அவர் தொண்டைக்குள் ஒன்றாகத் திரண்டு வந்தன. அந்த நேரம் பேச்சி அவர் காலை மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது.

செல்லச்சாமி உள்ளே போய், கட்டிலில் படுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு வேண்டாமென்றார். மறுநாள் காலைக் காப்பியும் வேண்டாமென்றார். "எம் முகத்த ஊருக்கு எப்படிக் காட்டுவேன்? பழைய கலரு வந்தாத்தான் மண்டபத்துக்கு வருவேன்" என்று சுவரிடம் சொன்னார். மாரிக்கண்ணன் மாலாவுக்குப் போன் போட்டான். மாலா போனில் கேட்டதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். தாம்பாளங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தவள், எண்ணுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

குருநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனார். பெயிண்ட் கடைக்காரர் கேட்டார்: "எதுக்கு அடிக்கணும் அண்ணாச்சி? சிமெண்ட்டுக்கா, பிளாஸ்டிக்குக்கா?"

"கல்லுக்கு."

"கல்லுக்குக் கல்லு பெயிண்டா?"

"ஆமா. கருப்பு. கோல்டு பொட்டு வச்சது. நீரு டின்ன எடும்."

பூல்பாண்டியைக் கூப்பிட்டார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இந்தப் பாவத்துக்கு நான் வரமாட்டேன்வே. கொத்தின கையி அழுகிப் போகும். எனக்கு அந்த ஊருல ஒரு மரியாத இருக்கு."

எனவே மேலநீலிதநல்லூர் வாசலில், நல்ல வெயிலில், குருநாதன் தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். யாளியின் பிடரியிலிருந்து ஆரம்பித்தார். பல்லிடுக்கில் பிரஷ் போகவில்லை. இசக்கித்தாய் பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று கொண்டுவந்து கொடுத்து, டின்னையும் பிடித்துக்கொண்டாள். தாமரை கறுத்தது. பேருந்து கறுத்து மினுமினுத்தது. ஆறு டயரிலும் தங்கப் பொட்டு விழுந்தது. நடத்துநரின் மூக்கில் பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்து நின்றது. குருநாதன் அதைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார்.

உள்ளே கட்டில் முனகியது. செல்லச்சாமி எழுந்து வாசலுக்கு வந்தார். தள்ளி நின்று பார்த்தார். கிட்ட வந்து பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இசக்கித்தாயிடம் காப்பி கேட்டார்.

"அப்படிச் சொல்லுங்க சம்மந்தி!" என்றார். "இப்பத்தான் கல்லு மாதிரி இருக்கு!"

"ஆமா அண்ணாச்சி" என்றார் குருநாதன். அடுத்த தூணுக்கு நகர்ந்து, பிரஷ்ஷை டின்னுக்குள் விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். மாலாவுக்கு முகூர்த்தம் மறுநாள் காலை ஒன்பதுக்கு. அதற்குள் இது காய்ந்தாக வேண்டும்.